முறிந்த மரமும் முதிர்ந்த மரமும்



புறநகர் வீடுகளைச் சுற்றி நிற்கும் மரங்களில் புயலில் முறிந்தவற்றையும் வயது முதிர்ந்தவற்றையும் எவ்வாறு கையாளுவது என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். பொருள் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சென்னையைக் கடந்தபோது, தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் நங்கநல்லூரிலும் தெருத்தெருவாக மரங்கள் சாய்ந்து வழியடைத்துக் கிடந்ததைக் கண்டவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கக்கூடும். அன்று விழுந்த மரங்கள் எல்லாம் காற்றினால் மட்டுமே விழுந்தனவா? அப்படியானால் ஒரே தெருவில், ஒரே காற்றில், ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு வேம்புகளில் ஒன்று வேரோடு சாய, பக்கத்து வீட்டு வேம்பு நாலு கிளையை மட்டும் இழந்து நின்றுவிட்டது எதனால்? காற்று இரண்டுக்கும் பொதுவே. பொதுவாக இல்லாதது, அந்த மரங்களின் அடியில் அதற்கு முந்தைய பத்திருபது ஆண்டுகளில் நடந்த வேலை. மரம் விழும் நாளைப் புயல் குறிக்கிறது. விழவேண்டிய மரம் எது என்பதைப் பெரும்பாலும் வீட்டுக்காரரும், சாலை போடுபவரும், வடிகால் தோண்டுபவரும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள்.

சென்னைப் புறநகர்களில் பெரும்பகுதி 1970களிலும் 1980களிலும் ஏரிக்கரைகளும் வயல்களும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு உருவானவை. வீடு கட்டிக் குடிபோன கையோடு வாசலில் ஒரு வேம்பு, பின்பக்கம் இரண்டு தென்னை, சுற்றுச்சுவர் ஓரம் ஒரு மாமரம், தெருவோரம் நிழலுக்கென ஒரு செம்மயிற்கொன்றை என்று நட்டார்கள். அவை யாவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடப்பட்டவை. ஆகவே ஏறத்தாழ ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றைக்கு நாற்பது, ஐம்பது வயது என்பது தள்ளாத வயது. அதே வயதில் வேம்பு நடுவயதைத்தான் எட்டியிருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரமோ, நன்கு வளர்ந்தால் எண்பது அடிக்கும் மேல் விரிந்து நிற்கும் இயல்புடையது; நாற்பதுக்கு அறுபது அடி அளவுள்ள ஒரு கிரவுண்டு மனையில் அதை நட்டவர், தம் மனையைவிடப் பெரிய மரத்தை நட்டிருக்கிறார் என்பதை ஐந்தடி உயரக் கன்றைப் பார்த்து எப்படி அறிவார்?

இனி, மண்ணுக்குக் கீழே பார்ப்போம். ஆணிவேர் ஆழமாகப் பாதாளம் வரை இறங்கிவிட்டதால் பெரிய மரம் அசையாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் இரண்டு, மூன்று அடிக்குள்ளேயே பரவிக் கிடக்கிறது. கிளை விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி அது வெளியே செல்கிறது. வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும் என்பதே இதற்குக் காரணம். வேளச்சேரி, மடிப்பாக்கம் போன்ற தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் மட்டம் மேலேறி நிற்பதால், வேர் இன்னும் ஆழம் குறைந்து தட்டையாகவே படர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அந்த மண் ஊறிக் குழைந்திருக்கும் வேளையில்தான் புயலும் வருகிறது.

அந்த வேர்களுக்கு நேர்வது என்ன? மழைநீர் வடிகாலுக்காக ஒருமுறை பள்ளம் தோண்டப்படுகிறது. பாதாளச் சாக்கடைக்காக ஒருமுறை. குடிநீர்க் குழாய்க்காக ஒருமுறை. பக்கத்து மனையில் அடுக்குமாடிக்கு அடித்தளம் போட ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மரத்தின் ஒரு பக்கத்து வேர்கள் மண்வாரி இயந்திரத்தில் அறுபடுகின்றன. தண்டின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் தடித்த வேர்களை அறுத்தால் மரம் நிலைகொள்ளும் திறனே குன்றிவிடும் என்பது மர வல்லுநர்கள் தரும் எச்சரிக்கை. இரண்டடி விட்டமுள்ள மரத்துக்கு ஆறடிக்குள் பள்ளம் வரக்கூடாது என்று அதற்குப் பொருள். வேரறுந்த மரம் அன்றே விழுவதில்லை. இலை பச்சையாகவே இருக்கும், பூக்கும், காய்க்கும், வேரறுந்த பக்கத்திலிருந்து பலத்த காற்று வரும் நாள்வரை நிற்கும். அப்போது, "நல்லாத்தானே இருந்தது, திடீர்னு விழுந்திடுச்சே" என்பார்கள். திடீரென்று நடந்தது எதுவும் அங்கே இல்லை.

இன்னொரு கேடு மேலே நடக்கிறது. சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் மறுபடி மறுபடி தார் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போவதும், மழைநீர் உள்ளே வராதிருக்க வீட்டுக்காரர் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மனையை மேடாக்குவதும் இங்கே வழக்கம்; 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் மிகுந்தது. அவ்வாறு கொட்டிய இரண்டடி மண் மரத்தின் அடித்தண்டையும் சேர்த்து மூடுகிறது. மரத்தின் தண்டு மண்ணில் இறங்கும் இடம் இயல்பாக அகன்று விரிந்திருக்க வேண்டும். அந்த விரிவை வேர்க்கழுத்து எனலாம். அகலாமல் நேராகவே ஒரு மரம் மண்ணுக்குள் இறங்குவதாகத் தெரிந்தால், அதன் வேர்க்கழுத்து புதைந்துவிட்டது என்று கொள்ளலாம். புதைந்த பட்டை ஈரத்தில் அழுகுகிறது. கீழே வேர்கள் மூச்சுமுட்டுகின்றன. அடித்தண்டைச் சுற்றிக் கையால் மண்ணை அகற்றி வேர்க்கழுத்தை வெளியே கொண்டுவருவது செலவில்லாத வேலை. ஆனால் மண்வெட்டியால் ஓங்கிக் கொத்தினால் பட்டை காயப்படும். சிறு கரண்டியும் பொறுமையும் போதும். மண் கொட்டுவதோடு, மரத்தடியில் சிமென்ட் பூசி இறுக்கும் வழக்கமும் உண்டு; அதைப் பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லி தொடர்பான வழக்கில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது நினைவில் கொள்ளத்தக்கது. வீட்டு வாசலில் கோலம் போட வசதியாக மரத்தின் அடிவரை டைல்ஸ் ஒட்டியிருப்பவர்களுக்கும் அந்த ஒரு மீட்டர் பொருந்தும்.

வேரை விட்டுத் தண்டுக்கும் கிளைக்கும் வருவோம். "முருங்கையை ஒடித்து வளர்" என்பது பழமொழி. முருங்கைக்கு அது சரி. அதே நீதியை வேம்புக்கும் மாவுக்கும் செலுத்துவதில்தான் தவறு நேர்கிறது. மழைக்கு முன் மரம் வெட்டுபவரை அழைத்து, கிளைகளை எல்லாம் பாதியில் நறுக்கித் தண்டை மொட்டையாக நிறுத்துவதைப் பலர் பாதுகாப்பு என்று கருதுகிறார்கள். பார்வைக்குப் பாதுகாப்பாகவே இருக்கும். ஆனால் நறுக்கிய முனைகளிலிருந்து அடுத்த ஆண்டு கொத்துக் கொத்தாகத் துளிர்கள் கிளம்புகின்றன. இயல்பான கிளை, தண்டின் கட்டையோடு ஆண்டுக்காண்டு பின்னிப் பிணைந்து வளர்வது. இந்தத் துளிர்களோ மேல்தோலை ஒட்டிய கட்டையில் மட்டும் பிடிப்புள்ளவை. மூன்று, நான்கு ஆண்டில் அவை கைப்பிடி அளவு தடித்துவிடும். அவற்றின் அடியில் இருக்கும் வெட்டு முனையோ அழுகிக்கொண்டிருக்கும். அடுத்த புயலில் முதலில் பிய்த்துக்கொண்டு விழுவது அவைதாம். காற்றின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால், நீண்ட கிளையை அதன் ஒரு பக்கக் கிளை பிரியும் இடம்வரை குறைக்க வேண்டும். ஒரே ஆண்டில் பச்சை இலைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. அதையும் ஆடியிலிருந்து புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டையடித்தால் அதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்து வெடிக்கும்.

முதிர்ந்த மரம் ஆபத்தானதா என்பதை எப்படி அறிவது? சாய்வைப் பாருங்கள். வெளிச்சம் தேடிச் சிறுவயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம், மேலே போகப்போக நிமிர்ந்திருக்கும். அது அஞ்சத்தக்கது அன்று. தண்டு முழுவதும் நேராக இருந்தபடியே சரிந்திருந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தரை பிளந்தோ எழும்பியோ காணப்பட்டால், அந்த மரம் வேரிலிருந்து பெயரத் தொடங்கிவிட்டது. அதன் கீழே காரை நிறுத்துவதும் பிள்ளைகளை விளையாட விடுவதும் அன்றே நிற்க வேண்டும். அடித்தண்டில் ஆண்டுதோறும் தட்டுக்காளான் முளைத்தால் உள்ளே கட்டை அழுகுகிறது. இரண்டு தண்டுகள் ஒடுங்கிய கோணத்தில் ஒட்டி வளர்ந்து, நடுவே பட்டை உள்வாங்கியிருந்தால் அந்த இடம் பிளக்கும்.

பொந்து விழுந்த மரம் எல்லாம் விழப்போகும் மரமா? இல்லை. மரத்தின் நடுக்கட்டை உயிரற்றது. உயிரோட்டம் பட்டையை ஒட்டிய வெளிவளையத்தில்தான். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மரங்களின் இயந்திரவியலை ஆராய்ந்த கிளவுஸ் மத்தெக், நல்ல கட்டையாலான வெளிச்சுவர் தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் உள்ளீடற்ற மரமும் பெரும்பாலும் தாங்கும் என்று கண்டார். அறுபது சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்கு ஆரம் முப்பது. சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் உறுதியான கட்டை வேண்டும். மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தால், உள்ளீடற்ற இடத்தில் ஓசை மாறுவது காதுக்கே தெரியும். இது வழிகாட்டும் அளவே. பொந்து ஒரு பக்கமாகத் திறந்திருந்தாலோ அடிவேர் அழுகியிருந்தாலோ இந்தக் கணக்கு உதவாது. பொந்துக்குள் சிமென்டும் செங்கல்லும் வைத்து அடைக்கும் பழைய பழக்கம் மட்டும் ஒருபோதும் வேண்டாம். மரம் காற்றில் வளையும், சிமென்ட் வளையாது, இரண்டும் உரசும் இடத்தில் நீர் தங்கி அழுகல் பெருகும்.

அன்பர்களே, இனிப் புயல் ஓய்ந்த மறுநாள் காலைக்கு வருவோம். அந்தக் காலையில் முதல் வேலை என்ன? அரிவாளை எடுப்பதா? இல்லை, அண்ணாந்து பார்ப்பது. முறிந்தும் விழாமல் மேலே சிக்கித் தொங்கும் கிளைகள் எத்தனை, அவற்றுள் எது மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். மழையில் நனைந்த மரம் இன்னும் கடத்தும். கம்பி தரையில் கிடந்தால் அதைச் சுற்றியுள்ள ஈர மண்ணும் கடத்தும். மின்வாரியத்தார் வந்து இணைப்பைத் துண்டித்ததை உறுதிசெய்யும் வரை அந்த மரத்தை எவரும் நெருங்கக்கூடாது. வேரோடு சாய்ந்து கிடக்கும் மரத்தில் வேறோர் ஆபத்து உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. தண்டை அறுத்து அதன் பாரம் நீங்கியவுடன், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்திரள் சடாரென்று பழைய குழிக்குள் திரும்பி விழும். அந்தக் குழியில் நிற்பவர் நசுங்குவார். விழுந்த மரத்தின் வேர்க்குழி சிறுவர்களை ஈர்க்கும் இடம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லாக வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளையை அறுத்தாலும் அது எகிறி அடிக்கும். ஏணியில் நின்று இயந்திர ரம்பத்தை இயக்குவது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலையே அன்று. வடம் கட்டி இறக்கத் தெரிந்த ஆளைக் காத்திருந்து அழைப்பதே முறை. அந்த ஆள் கேட்கும் கூலி அதிகமாகத் தோன்றினால், அவர் தொங்கும் உயரத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கைக்கெட்டும் உயரத்தில் முறிந்த கிளையை வீட்டிலேயே சரிசெய்யலாம். மணிக்கட்டை விடச் சற்றே தடித்த வேப்பங்கிளை ஒன்று பாதியில் முறிந்து, தோல் உரிந்து தொங்குகிறது என்று கொள்வோம். அதை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாரம் இழுத்து, தண்டின் பட்டையையும் இரண்டடி நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். ஆகவே அறுப்பது மூன்று தடவையாக நடக்க வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுப்பது முதலாவது. அதற்கு இரண்டு அங்குலம் வெளியே, மேலிருந்து கீழாக அறுத்துப் பாரத்தைக் கீழே விழச் செய்வது இரண்டாவது. எஞ்சிய கிளைத்துண்டை அகற்றுவது மூன்றாவது. இந்த மூன்றாவது வெட்டில்தான் மரத்தின் எதிர்காலம் இருக்கிறது. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்து, வரிவரியாகச் சுருங்கிய ஒரு வளையம் தெரியும், அது கிளைக்கழுத்து. அந்தக் கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு வழவழவென்று ஒட்ட அறுப்பது அழகாகத் தோன்றும். ஆனால் அது கழுத்தையே அறுப்பதாகும். கிளைத்துண்டை ஓர் அடி விட்டு வைத்தாலோ அது காய்ந்து, அழுகலுக்கு உள்ளே போக வழிகாட்டும்.

இதற்கு விளக்கம் தந்தவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. 1930இல் பிறந்து 2006இல் மறைந்த இவர், ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தவர். மனிதத் தோலில் பட்ட காயம் புதிய தசை வளர்ந்து ஆறுவது போல மரத்தின் காயம் ஆறுவதில்லை என்பதும், மரம் சேதமுற்ற பகுதியைச் சுற்றி வேதிப்பொருள்களால் தடுப்பு எழுப்பி அதை அப்படியே அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது என்பதும் அவர் கண்டவை. அந்தத் தடுப்பு வலுவாக எழும் இடங்களுள் தலையாயது கிளைக்கழுத்து. வெட்டுவாயில் தார், பெயின்ட், சாணம் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கி அழுகல் விரைவுபட்ட மரங்களும் உண்டு. சாலையோர மரங்களில் காணும் காவி, வெள்ளைப் பட்டைகளைப் பார்த்து அதுவும் மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் இரவில் வண்டியோட்டிக்கு மரம் தெரிவதற்கான அடையாளமே. உரிந்து தொங்கும் பட்டையைக் கூரிய கத்தியால், கட்டையோடு ஒட்டியிருக்கும் இடம்வரை நறுக்கிவிட்டால் போதும். மீதியை மரம் பார்த்துக்கொள்ளும்.

தென்னை மட்டும் இந்த விதிக்குப் புறம்பானது. தென்னை ஒருவித்திலைத் தாவரம்; மற்ற மரங்களில் ஆண்டுதோறும் புதுக் கட்டையை உண்டாக்கும் வளர்படலம் அதற்குக் கிடையாது. தண்டில் பட்ட காயம் வாழ்நாள் முழுவதும் காயமாகவே இருக்கும். உயிர் முழுவதும் உச்சிக் குருத்தில் இருக்கிறது. குருத்து போனால் மரம் போயிற்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அன்று விழுந்தவை ஒரு பங்கு. உச்சி திருகப்பட்டு நின்றுகொண்டே பின்னர் பட்டுப்போனவை இன்னொரு பங்கு. எனவே புறநகர் வீட்டுத் தென்னை புயலில் தப்பிவிட்டது என்று உடனே நிம்மதி கொள்வதற்கில்லை. முறிந்து தொங்கும் மட்டைகளை அகற்றி, நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும்; கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் வீசினால் அது குருத்தழுகல். காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும் என்பதால், தென்னையில் மட்டும் வெட்டுவாயை மூடத்தான் வேண்டும். குருத்தில் அழுகிய பகுதியைச் செதுக்கிவிட்டுப் போர்டோப் பசையைத் தடவுவார்கள். ஒரு சதவீதப் போர்டோக் கலவை என்பது நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும். பசையில் இவ்விரண்டும் பத்து மடங்கு இருக்கும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து தட்டுக்காளான் தோன்றினால், அது தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற நோய். நோய் முற்றிய மரத்தைக் காப்பாற்றும் முயற்சியை விட, பக்கத்து மரங்களுக்குப் பரவாமல் தடுப்பதே அறிவுடைமை.

சாய்ந்த மரத்தைத் திரும்ப நிமிர்த்த முடியுமா? வர்தாவுக்குப் பிறகு சென்னையில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்தது. இளமரத்தை நிமிர்த்தலாம். ஓரிரு நாளுக்குள், வேர் காயுமுன், ஈரச் சாக்கால் மூடி வைத்து, குழியை ஆழப்படுத்தி, நசுங்கிய வேர்களை நறுக்கிவிட்டு, மெதுவாக இழுத்து நிறுத்தி மூன்று பக்கமும் கயிறு கட்ட வேண்டும்; கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூப் சுற்றினால் பட்டை அறாது. ஓராண்டுக்குப் பின் கயிற்றை மறவாமல் அவிழ்க்க வேண்டும். பெரிய மரத்தைக் கிரேன் வைத்து நிமிர்த்துவது படமெடுக்க நன்றாக இருக்கும். அறுந்த வேர்கள் அறுந்தவையே என்பதால் வீட்டருகே அது கூடாது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989இல் வீழ்ந்தும் அது இன்றும் தழைத்திருக்கிறதே என்று கேட்கலாம். ஆலுக்கு விழுதுகள் உண்டு, ஒவ்வொரு விழுதும் தனி மரமாகிவிட்டது. வேம்புக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வெட்டுவது என்ற முடிவுக்கு எப்போது வருவது? ஒருபோதும் வெட்டக்கூடாது என்பாரும், எதற்கு வம்பு வெட்டிவிடு என்பாரும் மரத்தைப் பார்க்காமலே பேசுகிறார்கள். இலைப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்த முதிய மரம், வேர்த்திரள் பெயர்ந்த மரம், நடுத்தண்டு பிளந்த மரம் ஆகியவற்றை வீட்டின் மேல் விழும் தொலைவில் வைத்திருப்பதற்கு நியாயமில்லை. ஆனால் இலை இல்லை என்பதற்காக மட்டும் மரத்தைச் செத்ததாகக் கருதக்கூடாது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்திலும் தெலங்கானாவிலும் தேயிலைக் கொசுவின் தாக்குதலாலும் பூஞ்சையாலும் வேப்பமரங்கள் நுனி கருகி நின்றன. பட்டுப்போயின என்று பலர் எண்ணிய அம்மரங்களில் பல, வெயில் ஏறியதும் மறுபடி துளிர்த்தன. சிறு கிளையின் தோலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்; அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெட்டத்தான் வேண்டும் என்றால், உள்ளாட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது. சந்தன மரமானால், சொந்த மனையில் நின்றாலும் வனத்துறை அனுமதியின்றித் தொடவே கூடாது.

வெட்டவிருக்கும் மரத்துக்கு மாற்று மரத்தை, அதை வெட்டுவதற்கு ஐந்தாறு ஆண்டு முன்பே நட்டுவிடுவது முறையான திட்டம். அரைக் கிரவுண்டு மனைக்குப் புங்கையோ மகிழமோ பொருந்தும். கிரவுண்டுக்கு மேல் இடமிருந்தால் புன்னையும் நாவலும் வரலாம். சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளியிருக்கட்டும். போத்து நட்டு வளர்த்த மரத்துக்கு ஆணிவேர் இராது; பூவரசும் அரசும் அப்படித்தான் எளிதில் நடப்படுகின்றன, அப்படித்தான் எளிதில் சாய்கின்றன. விதைக் கன்றே வேண்டும். அதிலும் பாலிதீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் இருபது ஆண்டு கழித்து அந்தச் சுருளே மரத்தின் கழுத்தை நெரிக்கும். ஆகவே நாற்றங்காலில் உயரமான கன்றைத் தேடாமல் சிறிய கன்றாக வாங்கி, பையைக் கிழித்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு, வேர்க்கழுத்து தரைமட்டத்துக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். புயலில் விழுந்த மரத்துக்கு மாற்றாக நடுவதானால், அதன் குழியிலேயே நடாமல் ஏழெட்டு அடி தள்ளி நடுவது நல்லது. அழுகும் அடிக்கட்டையிலிருந்து கறையானும் காளானும் புதுவேருக்கு வர வாய்ப்புண்டு. ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டினால் போதும், இறுக்கிக் கட்ட வேண்டாம். காற்றில் சற்று ஆடி வளரும் கன்றுக்குத்தான் அடித்தண்டு தடிக்கும்.